லண்டன் விலைவாசி, குடவாசல் குத்தகை

திவ்யா, அரவிந்த்,

இதை உங்கள் இரண்டு பேருக்கும்தான் எழுதுகிறேன். ஊரில் இருப்பவர்கள் யாராவது படித்தாலும் படிக்கட்டும். திவ்யா எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவாள். அரவிந்த், உனக்குத் தமிழ் படிக்க வராது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு அனுப்பாமல் உன்னைக் கால்பந்துக்கு அனுப்பியது நான்தான், அது உன் தப்பில்லை. போனில் போட்டால் அதுவே வாசித்துக் காட்டும் என்று அக்கா சொல்கிறாள். அப்படிக் கேள். கேட்டு முடித்துவிட்டுக் கட்டைவிரல் படம் மட்டும் அனுப்பாதே. ஒரு வார்த்தை பேசு.

விஷயம் இதுதான். குடவாசலுக்குப் பக்கத்தில் நமக்கு இருக்கிற ஒன்பது மா நிலத்தை, அதாவது மூன்று ஏக்கரை, கண்ணையன் பல வருஷமாகக் குத்தகைக்கு உழுகிறான். வருகிற குறுவைக்கு முன்னால் அவன் அதை விட்டுவிடலாம் என்று இருக்கிறான். அதற்குக் காரணம் நான். நம் வீட்டுக் கூரையும் ஒரு காரணம். கூரைக்கும் குத்தகைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். எனக்கும் முழுசாகப் புரிந்தபாடில்லை. எழுதிப் பார்த்தால் புரியுமோ என்றுதான் எழுதுகிறேன்.

1

நீங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது, மழை தூறிக்கொண்டிருந்த ஒரு நாள், கோட்டு போட்ட ஒருவர் நம் வாசலில் வந்து நின்றார். ஈரக் குடையை உதறி மடக்கிக்கொண்டே வெயிலைப் பற்றிப் பேசினார். கூரையில் சோலார் தகடு மாட்டினால் அதில் உண்டாகும் மின்சாரத்துக்கு இருபத்தைந்து வருஷம் பணம் வரும், அரசாங்கத் திட்டம், விலைவாசி ஏற ஏற அந்தப் பணமும் தானாக ஏறும் என்றார்.

அவர் பேசிய இங்கிலீஷில் பாதி எனக்குப் புரியவில்லை. நான் பத்தாவது வரை படித்தவன். கும்பகோணத்தில் ஓட்டலில் மாவு அரைத்து, துபாயில் தோசை சுட்டு, அப்புறம் இந்த ஸ்விண்டனுக்குச் சமையல்காரனாக வந்து சேர்ந்தவன். ஊரில் ஸ்விண்டன் என்றால் யாருக்கும் தெரியாது என்பதால் லண்டன் என்றே சொல்லிவிடுவேன். அந்தக் கோட்டுக்காரர் சொன்னதில் புரிந்த பாதியை எனக்குத் தெரிந்த ஒன்றாக மாற்றிக்கொண்டேன். கூரை என் நிலம். அதை இருபத்தைந்து வருஷத்துக்குக் குத்தகைக்கு விடுகிறேன். உழுகிறது வெயில். குத்தகை அளந்து கொடுக்கிறது அரசாங்கம். அவ்வளவுதான்.

அதிலும் அந்தத் ‘தானாக ஏறும்’ என்ற வார்த்தைதான் எனக்குப் பிடித்துப்போயிற்று. ஏன் என்று சொல்கிறேன். நம் பக்கம் குத்தகை பேசுகிறது சுலபமான வேலை இல்லை. அறுவடை முடிந்து ஒரு நாள் உழுகிறவர் வருவார். உட்காரச் சொல்லிக் காபி கொடுப்போம். எந்த மழை எப்போது வந்தது, எந்த விதை ஏமாற்றியது, நடவுக்கு ஆள் கூலி எவ்வளவு ஆயிற்று என்று எல்லாமும் பேசுவோம். குத்தகையை மட்டும் பேச மாட்டோம். ஒரு மணி நேரம் கழித்து, அவர் எழுந்திருக்கிற நேரத்தில்தான் ஒருவர் அந்தப் பேச்சை எடுப்பார். மற்றவர் தரையைப் பார்ப்பார். “பாத்து சொல்லுங்க” என்பார். எனக்கு அந்த நேரத்தில் உடம்பெல்லாம் கூசும். கேட்கவே வேண்டாம், தானாக ஏறும் என்றால் அதைவிட நாகரிகம் உண்டா என்று நினைத்தேன்.

தகடுகளை மாட்டினார்கள். மாடிப்படிக்குக் கீழே இருக்கிற அலமாரிக்குள் ஒரு மீட்டர் வைத்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அதில் உள்ள எண்ணைப் பார்த்து அனுப்பினால் பணம் வரும். உங்கள் பழைய சைக்கிளையும் வாக்குவம் கிளீனரையும் நகர்த்திவிட்டு, குனிந்து, டார்ச் அடித்து, அந்த எண்ணை நான் எத்தனை வருஷமாகப் பார்க்கிறேன். தகட்டுக்கு அடியில் இப்போது புறாக்கள் கூடு வைத்திருக்கின்றன. வருஷத்துக்கு ஒரு தடவை, குளிர் குறைகிற நேரத்தில், மின்சாரக் கம்பெனியிடமிருந்து கடிதம் வரும். நான் அதில் ஒரே ஒரு இடத்தைத்தான் பார்ப்பேன். இந்த வருஷம் நூற்றுக்கு எவ்வளவு ஏறுகிறது என்ற எண்.

2

ஊரில் நம் நிலத்துக் குத்தகையை ரொம்ப நாள் உங்கள் பெரியப்பாதான் எனக்காக வாங்கிக்கொண்டிருந்தார். குத்தகை நெல்லாகவே வரும். ஒரு மா நிலத்துக்கு வருஷம் இரண்டு மூட்டை. வெள்ளத்தில் பயிர் போன வருஷம் பாதி, இல்லை ஒன்றுமில்லை. அதைப் பெரியப்பாவும் கண்ணையனும் பேசி முடித்துக்கொள்வார்கள். நான் போனில் “சரிண்ணே” என்று சொல்வதோடு சரி.

ஆறு வருஷத்துக்கு முன்னால் பெரியப்பா, தன் பையன் வீட்டோடு இருக்க, சென்னைக்குப் போய்விட்டார். ஊர் வீடு பூட்டியாயிற்று. நெல்லைக் கொண்டுவந்து இறக்க ஆள் இல்லை. குத்தகையைப் பணமாக மாற்றலாம் என்று நான் ஊருக்குப் போனேன். குடவாசல் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பத்திரம் எழுதுகிறவர் ஒருவரிடம் நானும் கண்ணையனும் போய் உட்கார்ந்தோம். கண்ணையன் என்னைவிட நாலு வயது சின்னவன். அவன் அப்பா அந்தப் பக்கத்து நிலங்களில் கூலிக்கு அறுத்தவர். இவன் குத்தகைக்கு உழுது, சொந்தமாக மூன்று மா வாங்கி, மகளை நர்சிங் படிக்கவைத்துவிட்டான்.

பத்திரம் எழுதுகிறவர் கேட்டார், “வருஷா வருஷம் எவ்வளவு ஏத்தணும்னு போடலாம்?”

அந்தக் கூச்சம் எனக்கு மறுபடி வந்துவிட்டது. நான் ஒரு எண்ணைச் சொன்னால் பேராசைக்காரன் ஆகிவிடுவேன். சொல்லாவிட்டால் ஏமாளி ஆகிவிடுவேன். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. இன்றைக்கு நினைத்தால் எனக்கே விளங்கவில்லை. அன்றைக்கு அதை ரொம்ப நியாயமான யோசனை என்று நினைத்தேன்.

“எனக்கு இங்கிலாந்துலேர்ந்து வருஷா வருஷம் ஒரு கடுதாசி வரும். சோலாருக்கு. அதுல எத்தனை சதவீதம்னு போட்டிருக்கோ, அதையே இங்கயும் போட்டுக்கலாம். நானும் சொல்ல வேணாம், அவனும் சொல்ல வேணாம். அரசாங்கம் சொல்ற எண்ணு.”

அவர் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். “நாப்பது வருஷமா எழுதறேன். இது புதுசா இருக்கு சார்.”

“வெள்ளக்காரன் கணக்கு கரெக்டா இருக்கும்ல” என்றேன்.

கண்ணையனைப் பார்த்தார். “உனக்குச் சம்மதமாய்யா?”

“அண்ணன் சொன்னா சரிதான்” என்றான் கண்ணையன். தரையைத்தான் பார்த்தான். எனக்கு அப்போது அது படவில்லை.

எழுதி முடித்துப் படித்தபோது சர்வே நம்பரில் ஒரு எண் தப்பாக இருந்தது. அதை அடித்து மேலே சரியாக எழுதினார். “அடிச்ச எடத்துல ரெண்டு பேரும் சின்னதா ஒரு கையெழுத்து போடுங்க. ஒருத்தர் மட்டும் போட்டா நான் ஒத்துக்க மாட்டேன்” என்றார். நான் என் முதலெழுத்தைப் போட்டேன். கண்ணையன் முழுப் பெயரையும் எழுதினான். அது அடுத்த வரி மேலெல்லாம் ஏறிவிட்டது.

“சின்னதா போடுய்யான்னா.”

“எனக்குப் பெருசாத்தாங்க வரும்” என்றான்.

மூன்று பேரும் சிரித்தோம். பிறகு கண்ணையன்தான் டீ வாங்கிக் கொடுத்தான். என்னைப் பணம் எடுக்க விடவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் கடிதம் வந்ததும் கண்ணையனுக்குப் போன் போடுவேன். “கடுதாசி வந்துருச்சு, இந்த வருஷம் இவ்வளவு.” அவன் “சரிண்ணே” என்பான். இரண்டு நிமிஷத்தில் பேச்சு முடிந்துவிடும். ஒரு வருஷம் இங்கே கேஸ் விலையும் கரண்டு விலையும் தாறுமாறாக ஏறி, நாம் வீட்டுக்குள்ளேயே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோமே, அந்த வருஷம் எண் பத்தைத் தாண்டிப் போயிற்று. அதையும் சொன்னேன். அன்றைக்கும் அவன் “சரிண்ணே” என்றான். கொஞ்ச நேரம் கழித்துத்தான் சொன்னான், ஆனால் சொன்னான்.

3

இந்த வருஷம் வந்த கடிதம் வேறு மாதிரி இருந்தது. வழக்கமாக ஒரு பக்கம். இந்தத் தடவை மூன்று பக்கம். எந்த விலைவாசிக் கணக்கை வைத்துப் பணத்தை ஏற்றுகிறார்களோ அந்தக் கணக்கையே இந்த ஏப்ரலிலிருந்து மாற்றுகிறார்களாம். முன்பு ஆர்.பி.ஐ. என்று ஒரு கணக்கு, இனிமேல் சி.பி.ஐ. என்று வேறு கணக்கு. மூன்று தடவை படித்தேன். ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரியவில்லை.

கம்பெனிக்குப் போன் போட்டேன். நாற்பது நிமிஷம் பாட்டுக் கேட்டபிறகு ஒரு பெண் பேசினாள். என் பணத்தைக் குறைத்துவிட்டீர்களா என்று கேட்டேன். குறைக்கவில்லை, ஏறத்தான் போகிறது என்றாள். அப்படியானால் எதற்கு மூன்று பக்கம் என்றேன். ஏறும், ஆனால் முன்னால் ஏறியிருக்கக்கூடிய அளவுக்கு ஏறாது என்றாள். முன்னால் எவ்வளவு ஏறியிருக்கும் என்றேன். அது இப்போது பொருந்தாது என்றாள். வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்றும் கேட்டாள்.

வேண்டாம் என்று வைத்துவிட்டேன். வராத பணத்துக்கு வருத்தப்படலாமா கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை. இருபத்தைந்து வருஷம் என்று சொன்னார்கள், அதில் பாதிக்கு மேல் ஓடிவிட்டது, நடுவில் எப்படி மாற்றலாம் என்று ஒரு பக்கம் கோபம். கூடத்தானே தருகிறார்கள் என்று இன்னொரு பக்கம் சமாதானம். ரெஸ்டாரண்ட் சமையல்கட்டில் நின்றுகொண்டு இதையே நினைத்ததில் அன்றைக்கு ரசத்தில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன். முதலாளிதான் தண்ணீர் ஊற்றிச் சரி செய்தார்.

4

அந்த ஞாயிற்றுக்கிழமை திவ்யா பிரிஸ்டலிலிருந்து வந்திருந்தாள். காலை பத்து மணி இருக்கும், ஊரில் மத்தியானம் தாண்டியிருக்கும். கண்ணையனுக்கு வீடியோவில் போன் போட்டேன். களத்தில் தார்ப்பாயை விரித்து உளுந்துச் செடியைக் காயவைத்திருந்தார்கள். சம்பா அறுத்த ஈரத்தில் போட்ட உளுந்து. அவன் மனைவி மல்லிகா பின்னால் உட்கார்ந்து செடியைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

“சொல்லுங்கண்ணே. லண்டன்ல குளிரா?”

“குளிர்தான். கடுதாசி வந்துருச்சு கண்ணையா.”

மல்லிகா தட்டுகிற சத்தம் நின்றது.

“இந்த வருஷம் எவ்வளவுண்ணே?”

“அதான் சொல்ல வந்தேன். கணக்கையே மாத்திட்டாங்க. இனிமே வேற கணக்கு. அதுல கொஞ்சம் கம்மியாத்தான் ஏறும். உனக்கு ஒரு வகையில நல்லதுதான்.”

“புதுக் கணக்குக்குப் பேரு என்னண்ணே?”

“சி.பி.ஐ.னு போட்டிருக்கு.”

“கட்சிப் பேரு மாதிரில்ல இருக்கு.” கொஞ்சம் யோசித்தான். “மரக்காலை மாத்திட்டாங்கன்னு சொல்லுங்க.”

“என்னது?”

“நெல்லு அதே நெல்லுதான். அளக்குற மரக்கால் வேற. பெரிய மரக்கால எடுத்து உள்ள வெச்சிட்டு, உங்களுக்குச் சின்ன மரக்கால்ல அளக்குறாங்க.”

மூன்று பக்கக் கடிதமும் நாற்பது நிமிஷப் பாட்டும் எனக்குப் புரியவைக்காததை அவன் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டான். அவன் அப்பாவுக்கு அறுப்புக் கூலியை மரக்காலால்தான் அளந்தார்கள். எந்த வீட்டு மரக்கால் எவ்வளவு பிடிக்கும் என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கும்.

பின்னாலிருந்து மல்லிகா குரல். “அண்ணங்கிட்ட சொல்லுங்க.”

“சும்மா இரு.”

“ஆறு வருஷமா சும்மாதான இருக்கேன். குடுங்க இங்க.” போன் ஆடி, வானம் தெரிந்து, பிறகு மல்லிகா முகம் வந்தது. “அண்ணே, நல்லா இருக்கீங்களா? அண்ணி நல்லா இருக்காங்களா?”

“எல்லாரும் நல்லா இருக்கோம்மா.”

“ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. லண்டன்ல வெங்காயம் வெல ஏறுனா, குடவாசல்ல நாங்க ஏண்ணே குத்தகை கூடக் கட்டணும்?”

அவளே தொடர்ந்தாள்.

“அங்க கேஸ் வெல ஏறிடுச்சுன்னு ஒரு வருஷம் சொன்னீங்களே. இங்கயும்தான் சிலிண்டர் வெல ஏறுச்சு. எங்களுக்கு யாரு ஏத்திக் குடுத்தா? அந்த வருஷம் அறுக்குற நேரத்துல மழ புடிச்சுக்கிச்சு. நெல்லு சாஞ்சு, தண்ணியில கெடந்து மொளச்சே போச்சு. பெரியண்ணன் இருந்திருந்தா வயல்ல எறங்கிப் பாத்திருப்பாரு. உங்க கடுதாசிக்கு அது எப்படித் தெரியும்?”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல மல்லிகா.”

“நீங்கதான் கேக்கலையே. எவ்வளவுன்னு சொன்னீங்க, வெச்சுட்டீங்க. அந்தக் காசை எப்படிக் கட்டுனோம் தெரியுமா? நெலத்துக்கு எரு அடிக்கல. வண்டிக்குச் சொல்லி வெச்சிருந்தோம், வேணாம்னுட்டோம். உங்க நெலந்தாண்ணே அந்த வருஷம் பட்டினி கெடந்துச்சு.”

கண்ணையன் போனை வாங்கிக்கொண்டான். அவன் என்னைப் பார்க்கவில்லை. திரையில் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் தெரிகிறது.

“அவ பேசுறா, விடுங்கண்ணே. நானே சொல்லணும்னு இருந்தேன். குறுவைக்கு வேற ஆளப் பாத்துக்குங்க. மேட்டூரு தொறக்க இன்னும் நாள் இருக்கு, அதுக்குள்ள கெடைப்பாங்க. கோவமா சொல்லல.”

அவன் கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு ஏதாவது பதில் வந்திருக்கும். வேறு ஆள் கிடைக்க மாட்டார்கள் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நம் நிலம் வாய்க்காலின் கடைசியில் இருக்கிறது. தண்ணீர் வருவதற்குள் நாலு பேரிடம் சண்டை போட வேண்டும். அந்தச் சண்டையை ஒவ்வொரு வருஷமும் போடத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். அவன் விட்டால் அது தரிசாகும். தரிசானால் மனைக்குக் கேட்டு யாராவது வருவார்கள். அப்புறம் உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒரு ஊர்ப் பெயர் மட்டும்தான் மிச்சம் இருக்கும்.

5

திவ்யா டோஸ்டைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். திவ்யா, நீ அப்போது கேட்டது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது.

“அப்பா, இந்த நாட்டு ஆர்.பி.ஐ.யவா நீங்க அங்க லீஸ்ல எழுதினீங்க?”

“அரசாங்கம் சொல்ற எண்ணும்மா.”

“எந்த அரசாங்கம்?”

நீ சிரித்தாய். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாய். அதுவே எனக்குப் போதும் என்று இருந்தது.

அப்புறம் ஒரு பேப்பரில் எழுதி எனக்கு விளக்கினாய். விலைவாசி என்றால் ஒரு கூடை மாதிரி. அதில் மக்கள் வாங்குகிற சாமான்களைப் போட்டு, போன வருஷம் எவ்வளவு, இந்த வருஷம் எவ்வளவு என்று பார்க்கிறார்கள். பழைய கணக்கில் வீட்டுக் கடன் வட்டியெல்லாம் சேரும், புதியதில் சேராது, சராசரி எடுக்கிற முறையும் வேறு. சாதாரணமாகப் புதியது கொஞ்சம் கம்மியாகத்தான் வரும். பழைய முறை சரியில்லை என்று படித்தவர்களே சொல்லிவிட்டார்கள் என்றாய்.

“அந்தக் கூடையில புழுங்கலரிசி இருக்கா? வெண்டைக்கா?” என்று கேட்டேன்.

“அரிசி இருக்கும். வெண்டைக்கா தெரியலப்பா.”

“அப்ப யாரோட கூடை அது?”

அதற்கு நீ வேறு ஒன்று சொன்னாய். அதைத்தான் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

“அப்பா, உங்க கூரைக்கு வர்ற பணத்த கவர்ன்மெண்ட் தன் பாக்கெட்லேர்ந்து தரல. எல்லாரோட கரண்ட் பில்லுலயும் கொஞ்சம் சேத்துத்தான் எடுக்கறாங்க. என் பில்லுலயும்தான். எங்க ஃபிளாட்ல கூரையே கிடையாது, மேல இன்னும் ரெண்டு மாடி இருக்கு. ஆனா உங்க கூரைக்கு நானும் கட்டறேன். இப்ப இந்தக் கணக்க மாத்தினா எனக்குக் கொஞ்சம் கொறையும். ரொம்ப இல்ல. கொஞ்சம்.”

“இத முன்னாடியே ஏம்மா சொல்லல?”

“நீங்க அந்த மீட்டர் நம்பர் எழுதறப்போ சந்தோஷமா இருப்பீங்க. அதான்.”

இத்தனை வருஷமாக வெயில் உழுகிறது, அரசாங்கம் அளக்கிறது என்று நினைத்திருந்தேன். என் பெண்தான் அளந்துகொண்டிருக்கிறாள். இந்தத் தெருவில் கூரையில் ஒன்றும் இல்லாத வீடுகள் எல்லாமும் அளக்கின்றன. அப்படியானால் மரக்காலைச் சின்னதாக்கியது நியாயமா? திவ்யாவின் பக்கம் நின்றால் நியாயம். கோட்டுக்காரரை நம்பிக் கடன் வாங்கித் தகடு மாட்டிய என் பக்கம் நின்றால் அநியாயம். கண்ணையன் பக்கம் நின்றால், இந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு வாயே இல்லை. மூன்று பக்கமும் மாறி மாறி நின்று பார்த்தேன். எங்கேயும் கால் ஊன்ற முடியவில்லை.

“ஆனாலும் ஒரு வார்த்தை எங்களக் கேட்டிருக்கணும்ல?” என்றேன். “இருபத்தஞ்சு வருஷத்துக்குன்னு சொல்லிட்டு அவங்க பாட்டுக்கு நடுவுல மாத்தினா?”

நீ என் போனை வாங்கி மெயிலைத் தோண்டினாய். செருப்புத் தள்ளுபடிக்கும் விமான டிக்கெட் விளம்பரத்துக்கும் நடுவில் ஒரு மெயில் திறக்காமலே கிடந்தது. கணக்கை மாற்றலாமா, மாற்றினால் உடனே மாற்றலாமா அல்லது வேறு விதமாகவா, சோலார் வைத்திருப்பவர்கள் கருத்துச் சொல்லலாம் என்று அரசாங்கம் கேட்கிறது என்று கம்பெனி அனுப்பிய மெயில். கருத்துச் சொல்லும் நாள் எப்போதோ முடிந்திருந்தது.

“கேட்டிருக்காங்கப்பா” என்றாய், மெதுவாக.

கேட்டிருக்கிறார்கள். பத்திரம் எழுதிய அன்றைக்கு, சம்மதமா என்று கேட்டபோது கண்ணையன் தரையைப் பார்த்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

6

மறுநாள் திங்கட்கிழமை. ரெஸ்டாரண்டுக்கு விடுமுறை. திவ்யா முதல் ரயிலில் வேலைக்குப் போய்விட்டாள். உங்கள் அம்மா பள்ளிக்கூடச் சமையலுக்குப் போய்விட்டாள். நான் மறுபடி கண்ணையனுக்குப் போன் போட்டேன்.

முதலில் மழையைப் பற்றிக் கேட்டேன். கோடை மழை இரண்டு தடவை பெய்ததாம். உளுந்து எப்படி என்று கேட்டேன். பரவாயில்லையாம். அறுவடை மெஷின் வாடகை, நடவு மெஷின் வாடகை, மகளுக்கு வேலை எந்த ஊரில் என்று எல்லாமும் கேட்டேன். ஆறு வருஷத்தில் இவ்வளவு நேரம் அவனோடு பேசியதில்லை. அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

“என்னண்ணே, உடம்பு கிடம்பு சரியில்லையா?”

“அதெல்லாம் இல்ல. குத்தகை என்ன வெச்சுக்கலாம்னு நீ சொல்லு.”

“நான் எப்படிண்ணே சொல்றது?”

“பாத்து சொல்லு.”

இந்தத் தடவையும் மல்லிகாதான் சொன்னாள். பழையபடி மாவுக்கு இரண்டு மூட்டை. நெல்லை இறக்க வீடு திறக்க வேண்டாம். அந்த வருஷம் அரசாங்கக் கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்கு என்ன விலை போடுகிறார்களோ அந்த விலைக்குப் பணமாக அனுப்பிவிடுகிறோம். “வெள்ளம் வந்தா போனத் தூக்கிட்டு வயல்லயே எறங்கிக் காட்டுவேன். நீங்க பாத்துட்டு ஒரு வார்த்தை சொல்லுங்க. கடுதாசி கிடுதாசி வேணாம்ணே.”

“இதுல எனக்குக் கூட வருமா, கொறைய வருமா?” என்று கேட்டேன். உண்மையாகவே எனக்குத் தெரியவில்லை.

“நெல்லு வெல ஏறுனா ஏறும். ஏறாட்டி எங்களுக்கும் ஏறாது. ஒரே மரக்கால்தாண்ணே” என்றாள்.

“அப்ப குறுவைக்கு விதை விடுவியா கண்ணையா?”

அவன் உடனே சரி என்று சொல்லவில்லை. எத்தனையோ தடவை உடனே சரி என்று சொன்னவன். “மொதல்ல பேப்பர் வரட்டும்ணே. பாத்துட்டுச் சொல்றேன்” என்றான். எனக்கு அது வருத்தமாகவும் இருந்தது, எதனாலோ கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. ஏன் என்று விளங்கவில்லை. உங்களுக்கு விளங்கினால் சொல்லுங்கள்.

போனை வைத்த பிறகு படிக்கீழ் அலமாரியைத் திறந்தேன். சைக்கிளை நகர்த்தி, சோலார் கடிதங்கள் இருக்கிற ஃபைலை எடுத்தேன். குத்தகைப் பத்திரத்தையும் நான் அதே ஃபைலில்தான் வைத்திருந்தேன். அதை மட்டும் உருவி எடுத்துக்கொண்டு வந்து சமையல்கட்டு மேஜையில் விரித்தேன். ‘இங்கிலாந்துக் கடிதத்தில் காணும் சதவீதப்படி’ என்று ஆரம்பிக்கிற வரியை அரவிந்தின் பள்ளிக்கூட ஸ்கேலை வைத்து ஒரே கோடாக அடித்தேன். அதற்கு மேலே, மாவுக்கு இரண்டு மூட்டை, கொள்முதல் விலைப்படி, வெள்ளம் வந்தால் பேசிக்கொள்வது என்று எழுதினேன். அடித்த இடத்தில் என் முதலெழுத்தைப் போட்டேன். ஓரமாகத் தள்ளி, முடிந்தவரை சின்னதாக.

பக்கத்தில் இருந்த இடத்தை விரலால் அளந்து பார்த்தேன். கண்ணையனின் முழுப் பெயருக்கு அது போதும் என்று தோன்றியது. மடித்து உறையில் போட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு, தெருமுனைத் தபால் பெட்டிக்கு நடந்தேன்.